வளைகிற தண்டு

கம்பெனி பஸ்ஸின் மூன்றாவது சீட்டில் அந்த நீளப் பையை எப்படி வைப்பது என்பது ஸ்ரீரஞ்சனிக்கு இன்னும் பிடிபடவில்லை. நிமிர்த்தி வைத்தால் மேல் தட்டில் இடித்தது. படுக்க வைத்தால் நடைவழியில் நீட்டிக்கொண்டு, ஏறுகிறவர்களின் முழங்காலைத் தட்டியது. தோளில் மாட்டியபடியே உட்கார்ந்து, இரண்டு கால்களுக்கும் நடுவில் சாய்த்து அணைத்துக்கொண்டால் மட்டும் அடங்கியது. பூனாவில் சாங்வி வீட்டிலிருந்து தளேகாவ் தொழிற்சாலை வரை ஒரு மணி நேரம், தூங்கிப்போன பிள்ளையைத் தூக்கி வருவதுபோல அதைக் கொண்டுவந்தாள்.

"இன்னிக்காவது சரியாயிருமா மேடம்?" என்று பின் சீட்டிலிருந்து அக்கவுண்ட்ஸ் ஜெயசீலன் எட்டிப் பார்த்தார்.

"தெரியல சார். புதுத் தண்டு மாத்தியிருக்கு."

"கர்த்தர் இரங்கணும். என் லீவு லெட்டர் பன்னெண்டு நாளா டிராயர்ல கெடக்கு. பாளையங்கோட்டையில தங்கச்சி மகளுக்குக் கல்யாணம். தாய்மாமன் நான் இல்லாம எப்படி நடக்கும், சொல்லுங்க."

ஸ்ரீரஞ்சனி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். மூன்று வாரமாக அலுவலகத்தில் எல்லோரும் அவளிடம் தண்டைப் பற்றித்தான் விசாரிக்கிறார்கள். அவளைப் பற்றி யாரும் விசாரிப்பதில்லை.

பையில் இருந்தது ஒரே ஒரு கோல்ஃப் தடி. ஆட்டத்தில் முதல் அடியை, மிக நீளமான அடியை, அடிக்கிற தடி. ட்ரைவர் என்று பெயர். மண்டை ஒரு பெரிய மாங்காய் அளவு இருக்கும். அந்த மண்டையையும் கைப்பிடியையும் சேர்க்கிற மெல்லிய கறுப்புத் தண்டு ஒன்று உண்டு. ஆளுக்குத் தக்கபடி அது வளைய வேண்டும், அதிகமாக வளையக்கூடாது, வளையாமலும் இருக்கக்கூடாது. அவளுடைய மேலதிகாரி ஜம்புநாதனுக்கு எந்தத் தண்டு பொருந்தும் என்பதுதான் கேள்வி.

ஜம்புநாதன் அந்தத் தொழிற்சாலையின் தலைவர். வயது ஐம்பத்தேழு. இன்னும் எட்டு மாதத்தில் ஓய்வு. கார்களுக்கு ரப்பர் பாகங்கள் செய்கிற அந்த இடத்தில் அவர் கோபப்பட்டு யாரும் பார்த்ததில்லை, எதற்கும் மாட்டேன் என்று சொல்லியும் கேட்டதில்லை. பிடிக்காத காகிதத்தைக் கையெழுத்து ஃபோல்டரிலிருந்து உருவி இடது பக்க டிராயரில் போட்டுவிடுவார். ஃபோல்டர் மட்டும் திரும்பி வரும். ஏன் என்று உள்ளே போய்க் கேட்கிற வழக்கம் அங்கே கிடையாது. மூட் வரும்வரை காத்திருப்பார்கள்.

மூட் வந்ததா என்று சொல்வது சப்கால் மாமாவின் வேலை. முப்பது வருஷமாக அங்கே டீயும் ஃபைலும் சுமக்கிறவர். சாஹேப் அறையிலிருந்து கப் காலியாகத் திரும்பினால் போகலாம். பாதி மிச்சம் வந்தால் மத்தியானம் பார்க்கலாம். ஆடை படிந்து முழுசாகத் திரும்பினால் அன்றைக்கு யாரும் அந்தப் பக்கம் போகமாட்டார்கள். மாமா மராத்தியில் சொல்வார், ஸ்ரீரஞ்சனி அரைகுறை இந்தியில் பதில் சொல்வாள். பதினொரு வருஷத்தில் அது இருவருக்கும் ஒரே பாஷையாகிவிட்டது.

மூன்று வாரத்துக்கு முன்னால், ஒரு வெள்ளிக்கிழமை, அவள் தன்னுடைய காகிதம் ஒன்றை அந்த ஃபோல்டரில் வைத்தாள். கோயம்புத்தூர் கிளைக்கு மாற்றல் கேட்டு. கணவன் ரமேஷை வங்கி அங்கே மாற்றி இரண்டு வருஷம் ஆகிறது. மகள் ஸ்நேஹாவும் அப்பாவோடு போய்விட்டாள். கிளையில் ஓர் இடம் காலியாகியிருந்தது. இந்த மாதக் கடைசி வெள்ளிக்கிழமை ஐந்து மணிக்குள் ஜம்புநாதனின் கையெழுத்தோடு மெயில் போனால் அந்த இடம் அவளுக்கு. போகாவிட்டால் வெளியிலிருந்து ஆள் எடுப்பார்கள்.

ஃபோல்டர் அரைமணியில் திரும்பியது. அவளுடைய காகிதம் மட்டும் அதில் இல்லை.

பின்னாலேயே மாமா ஒரு கையில் டீத் தட்டும் இன்னொரு கையில் இந்த நீளப் பையுமாக வந்து, சாஹேப் கொடுத்தார், எல்லாம் இதற்குள் இருக்கிறது, பத்திரம் என்று சொல்லி மேஜையோரம் சாய்த்து வைத்துவிட்டுப் போனார். உடனே இன்டர்காம் ஒலித்தது.

ஜம்புநாதன் தணிந்த குரலில் விளக்கினார். அடுத்த மாத ஆரம்பத்தில், ஒரு சனிக்கிழமை, ஜெர்மனியிலிருந்து டைரக்டர் வருகிறார். ஏரவாடா மைதானத்தில் அவரோடு கோல்ஃப் ஆடியாக வேண்டும். இந்தத் தடியால் அடித்தால் பந்து போகவேண்டிய இடத்தைத் தவிர மற்ற எல்லா இடத்துக்கும் போகிறது. விமான் நகரில் ஜெரோஷ் என்று ஒரு பையன் ஆளை அளந்து தண்டு மாற்றித் தருகிறானாம். ஏற்பாடு செய்ய வேண்டும். முதுகு பிடித்துக்கொண்டதிலிருந்து கோல்ஃப் கூடாது என்று வீட்டில் மனைவியின் உத்தரவு. அதனால் தடி அவர் வீட்டுக்குப் போகமுடியாது.

"சாவித்ரி கண்ல பட்டா அவ்வளவுதான். உங்க ஆத்துலயே இருக்கட்டும்," என்றார்.

அப்படித்தான் அந்தப் பை சாங்விக்கு வந்தது. ஸ்நேஹாவின் ஸ்கூல் பை தொங்கிய கொக்கியில் அதை மாட்டினாள். அந்த வீட்டில் வேறு எங்கும் அதற்கு நீளம் போதவில்லை.

முதல் சனிக்கிழமை ஜெரோஷின் இடத்துக்கு அவரும் வந்தார். பேக்கரிக்கு மேலே முதல் மாடி. ஒரு வலை, ஒரு வெள்ளைத் திரை, பந்துக்குப் பின்னால் தரையில் சிறிய பெட்டி. தடி மணிக்கு எத்தனை மைல் வேகத்தில் வருகிறது என்று அந்தப் பெட்டி எண்ணில் சொல்லும். ஜெரோஷுக்கு இருபத்தொன்பது வயது இருக்கும். பூனா கேம்பில் பிறந்து வளர்ந்தவன். வீட்டில் அப்பா அம்மாவிடம் மட்டும் பேசுகிற தமிழை ஜாக்கிரதையாக வெளியே எடுத்தான்.

"அங்கிள், நார்மலா அடிங்க. தினம் எப்படியோ அப்படி."

ஆனால் தங்கள் முறைக்காக இரண்டு விமானப்படை இளைஞர்கள் நாற்காலியில் காத்திருந்தார்கள். ஜம்புநாதன் அவர்களைப் பார்த்தார். வயிற்றை உள்ளே இழுத்துக்கொண்டார். அதன்பிறகு அவர் வீசியது ஸ்ரீரஞ்சனி அதுவரை பார்த்திராத வீச்சு. பெட்டி தொண்ணூற்றெட்டு என்றது. ஆறாவது வீச்சுக்குப் பிறகு சுவரைப் பிடித்துக்கொண்டு தண்ணீர் கேட்டார். அந்த எண்ணுக்கு இதுதான் என்று ஜெரோஷ் மிக விறைப்பான தண்டு ஒன்றைப் பொருத்தினான்.

தொழிற்சாலைக்குப் பின்னால் ஒரு காலி மனை உண்டு. அடுத்த வாரம் அங்கே ஜம்புநாதன் அடித்துப் பார்த்தார். பந்துகள் ஒவ்வொன்றாக வலது பக்கம் ஒதுங்கிக் கழிவுநீர்த் தொட்டியில் விழுந்தன. கப் பாதியாகத் திரும்பியது, பிறகு முழுசாகத் திரும்பியது.

ஸ்ரீரஞ்சனி ஒரு முறை, வாசலில் நின்றபடி, பேச்சை எடுத்தாள்.

"சார், என்னோட அந்த விஷயம்..."

"தெரியும்மா. முதல்ல இந்தத் தடிக்கு ஒரு வழி பண்ணிக் குடுத்துட்டு அப்புறம் போங்கோ."

அவளுக்கு நன்றாகப் புரிந்தது. பதினொரு வருஷம் ஒருவரிடம் வேலை பார்த்தவளுக்கு இதற்கு மேல் விளக்கம் தேவையில்லை. தண்டு சரியானால் கையெழுத்து. இல்லையென்றால் டிராயர்.

அதனால் ஸ்டேஷனரி அறை ஜன்னலுக்குப் பின்னால் நின்று, அவர் தனியாக அடிப்பதை மொபைலில் படம் பிடித்து, மாலையில் இரண்டு பஸ் மாறி விமான் நகருக்குப் போனாள். ஜெரோஷ் வீடியோவை மூன்று தடவை பார்த்தான்.

"ஆன்ட்டி, இது வேற ஆளு."

"அவர்தான்பா."

"இல்ல, அது அங்கிள்தான். ஆனா... எப்படிச் சொல்றது. அன்னிக்கு வந்தது வேற ஆளு." அவன் தலையைச் சொறிந்தான். "இவருக்கு வேகம் எண்பதுதான் இருக்கும். சாஃப்ட் தண்டு வேணும். அன்னிக்கு அவர் போட்ட கிளவ் இருக்கா ஆன்ட்டி, கை சைஸ் பார்க்கணும். இந்த சைடு ஜிப்புல?"

"வேண்டாம், திறக்காதே. சாரோட சொந்த சாமான் இருக்கும்," என்று பையைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். மற்றவர்களின் பையைத் திறக்கிற பழக்கம் அவளுக்கு இல்லை. அது ஒன்றுதான் தன்னிடம் மிச்சமிருக்கிற மரியாதை என்று சில நாட்களில் அவளுக்குத் தோன்றியதுண்டு.

அந்த மென்மையான தண்டைத்தான் இந்தச் செவ்வாய்க்கிழமை பஸ்ஸில் கொண்டுவந்திருந்தாள். வெள்ளிக்கிழமைக்கு இன்னும் மூன்று நாள் இருந்தது.

ஜம்புநாதன் தடியை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். கைப்பிடிக்குக் கீழே தங்க நிறத்தில் சின்னதாக 'ஏ' என்று ஓர் எழுத்து இருந்தது.

"இது என்ன?"

அவளுக்குத் தெரியவில்லை. தெரியாததை உடனே தெரிந்து சொல்வது அவள் வேலை. ஜெரோஷை அழைத்து ஃபோனை ஸ்பீக்கரில் போட்டாள்.

"அது சீனியர்ஸுக்கு, அங்கிள்," என்றான் ஜெரோஷ் சந்தோஷமாக. "ஏஜ் ஆனவங்க, மெதுவா அடிக்கிறவங்க."

ஜம்புநாதன் தடியைச் சுவரில் சாய்த்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"எட்டு மாசத்துல ரிடையர் ஆகப்போறவன்னு தடியிலயே எழுதி ஒட்டிட்டேளா?"

அன்றைக்கு டீ ஆடை படிந்து திரும்பியது. மாமா அதை வராந்தா வழியாக எடுத்துப் போனபோது ஒவ்வொரு மேஜையிலும் தலைகள் நிமிர்ந்து பார்த்துவிட்டுக் குனிந்தன. ஜெயசீலன் மட்டும் நெஞ்சில் கை வைத்து உட்கார்ந்திருந்தார்.

இரவு ஸ்நேஹா ஃபோன் செய்தாள். முதல் வாரம் தினமும் அவள் கேட்ட முதல் கேள்வி, "மம்மி, ஸைன் ஆச்சா?" என்பதுதான். இரண்டாம் வாரம் ஒன்றுவிட்டு ஒரு நாள். இன்று பள்ளிக்கூடத்தில் நடந்த ரங்கோலிப் போட்டியைப் பற்றிச் சொன்னாள், அப்பா செய்த ரசம் உப்பு என்று சொன்னாள், தூக்கம் வருகிறது என்றாள். அதைக் கேட்கவில்லை. கேட்காமல் இருப்பதற்கு ஒரு பழக்கம் வேண்டும். பதினான்கு வயதில் அது அவளுக்கு வந்துவிட்டது என்று ஸ்ரீரஞ்சனி கண்டுகொண்டாள். யாரிடமிருந்து வந்தது என்பதும் தெரிந்தது. எதிரே கொக்கியில் பை தொங்கிக்கொண்டிருந்தது. அதைப் பார்த்தபடி நின்றுகொண்டே தயிர்சாதம் சாப்பிட்டாள்.

புதன்கிழமை காலை ஒரு பொய் சொன்னாள். ஜெரோஷ் சின்னப் பையன், தவறாகச் சொல்லிவிட்டான், பெரியவர்களிடம் விசாரித்தேன், 'ஏ' என்றால் அட்வான்ஸ்டு. சொல்லும்போது தன் குரல் இவ்வளவு சாதாரணமாக இருந்தது அவளுக்கே ஆச்சரியமாக இருந்தது.

ஜம்புநாதன் முகம் மலர்ந்தது. கப் இரண்டு விரல் மிச்சத்தோடு திரும்பியது. இன்னும் கொஞ்சம் பொறு, வீடியோ மீட்டிங் முடியட்டும் என்று மாமா கண்ணால் சொன்னார்.

மீட்டிங்கில் அவள் மூலையில் உட்கார்ந்து குறிப்பெடுத்தாள். உற்பத்திக் கணக்கெல்லாம் முடிந்த பிறகு ஜம்புநாதன் நாற்காலியில் சாய்ந்துகொண்டு, சனிக்கிழமைக்குத் தயாராக இருப்பதாகவும், தனக்காகவே 'ஏ' தண்டு அளந்து போட்டிருப்பதாகவும் டைரக்டரிடம் சொன்னார். திரையில் அந்த வெள்ளைக்காரர் மிகவும் மகிழ்ந்து போனார். நல்ல முடிவு, நானும் மூன்றாவது பேரன் பிறந்ததிலிருந்து அதைத்தான் வைத்திருக்கிறேன், நம் வயதில் இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை என்றார்.

ஸ்ரீரஞ்சனியின் பேனா நின்றது.

திரை அணைந்த பிறகு ஜம்புநாதன் ரிமோட்டை மேஜை விளிம்புக்கு நேராக நகர்த்தி நகர்த்தி வைத்தார். அவர் கத்தியிருந்தால் அவளுக்குச் சௌகரியமாக இருந்திருக்கும்.

"இத்தனை வருஷத்துல நீங்க என்கிட்ட ஒரு பொய் சொன்னதில்லை," என்றார் கடைசியில். "போற நேரத்துல இப்படிப் பண்ணிட்டேளே."

அவர் தன் ஓய்வைச் சொல்கிறார் என்று அவளுக்குப் புரிந்தது. எட்டு மாதத்தை அவர் ஒவ்வொரு நாளும் எண்ணிக்கொண்டிருக்கிறார் என்றும், அதை எண்ணவில்லை என்று காட்டத்தான் தொண்ணூற்றெட்டு வேகத்தில் தடியை வீசினார் என்றும் அந்த நிமிஷத்தில் பட்டது. பாவமாக இருந்தது. ஆனால் பாவப்படுவதற்கும் தெம்பு வேண்டும். அவள் மன்னிப்புக் கேட்டுவிட்டு வெளியே வந்து, தன் இடத்தில் உட்கார்ந்து, கம்ப்யூட்டரைத் திறந்து வைத்துக்கொண்டு எதுவும் செய்யாமல் இருந்தாள்.

மாலையில் மறுபடி விமான் நகர்.

"நான் என்ன செய்ய முடியும் ஆன்ட்டி," என்றான் ஜெரோஷ். "அங்கிள் இங்க வந்து நிக்கிறாரு. ஆனா அவரோட ஸ்விங் வரல. யாராவது பாத்தா வேற மாதிரி ஆயிடறாரு. ஆளு வராம நான் யாருக்குத் தண்டு போடறது?"

"யாரும் பார்க்கலைன்னா?"

"நான் பார்க்கணுமே. ஃபிட்டர்."

"உன் பெட்டி பார்க்கும் இல்ல. நீ எதுக்கு?"

அவன் அவளைப் பார்த்தான். பிறகு பெட்டியைப் பார்த்தான்.

வியாழக்கிழமை காலை அவள் கப் வரும்வரை காத்திருக்காமல் உள்ளே போனாள். துணிச்சல் எல்லாம் இல்லை. காத்திருக்க நாள் இல்லை, அவ்வளவுதான்.

"சார், நான் சொன்னது பொய்தான். தப்பு. இன்னிக்கு ஒரே ஒரு தடவை வாங்க. அங்க வேற யாரும் இருக்க மாட்டாங்க. தண்டுல எழுத்தும் தெரியாது, டேப் ஒட்டி மறைச்சிடுவான். எது சரின்னு உங்க கையே சொல்லட்டும்."

ஜம்புநாதன் மேஜையிலிருந்த பேப்பர்வெயிட்டை இந்தப் பக்கம் உருட்டினார், அந்தப் பக்கம் உருட்டினார்.

"நம்பர் சொல்லப்படாது."

"சொல்ல மாட்டான் சார்."

"நீங்களும் பார்க்கப்படாது."

"பார்க்க மாட்டேன்."

ஆறு மணிக்கு ஜெரோஷ் கதவைத் தாழிட்டான். திரையை அணைத்தான். விறைப்பானது, நடுத்தரமானது, மென்மையானது என்று மூன்று தண்டுகளையும் டேப் ஒட்டி வைத்துவிட்டு, மூலையில் போய்ச் சுவரைப் பார்த்து நின்றான். ஸ்ரீரஞ்சனி அவனுக்குப் பக்கத்தில் நின்றாள், தோளில் காலிப் பையோடு. பள்ளிக்கூடத்தில் தண்டனை வாங்கிய இரண்டு பிள்ளைகள் போல இருந்திருக்கும். முகத்துக்கு நேரே சுவரில் கையுறை அளவுகளின் அட்டவணை ஒன்று. அதை நான்கு முறை படித்தாள்.

முதல் இரண்டு அடியில் ஜம்புநாதன் முனகினார். முதுகுகள் திரும்பியிருந்தும் அவருக்கு நம்பிக்கை வரவில்லை போலும். மூன்றாவதில் முனகல் இல்லை. பிறகு கொஞ்ச நேரம் ஒரு சத்தமும் இல்லை. அவர் மூச்சு விடுவது மட்டும் கேட்டது. அப்புறம் தடி காற்றில் வருகிற ஒலி, மெதுவாக, அவசரமில்லாமல், துணி உதறுவது போல. பந்து வலையில் போய் நிற்கிற ஒலி. மறுபடி அதே. மறுபடி.

ஸ்ரீரஞ்சனிக்கு அந்தச் சத்தம் தெரிந்தது போலிருந்தது. யாரும் பார்க்காதபோது ஒரு மனிதன் எழுப்புகிற சத்தம். சாங்வி வீட்டில் தானும் இப்படித்தான் நடமாடுகிறோம், வெறும் காலில், எதையும் நிரூபிக்காமல். அப்படி நடமாடுகிற பெண்ணை ரமேஷ் பார்த்து எத்தனை நாளாயிற்று, ஸ்நேஹாவுக்கு அவளைத் தெரியுமா என்று நினைத்தாள். கண் லேசாகக் கலங்கியது. அட்டவணையில் எட்டு என்ற அளவும் எட்டரை என்ற அளவும் ஒன்றாகத் தெரிந்தன.

"இது," என்றார் ஜம்புநாதன்.

அவர் கையில் இருந்தது அந்த மென்மையான தண்டுதான். ஜெரோஷ் டேப்பை உரிக்கும்போதே பெயின்ட் தின்னரில் நனைத்த துணியால் எழுத்தையும் துடைத்து எடுத்துவிட்டான். என்ன எழுத்து என்று அவரும் கேட்கவில்லை.

வெள்ளிக்கிழமை மத்தியானம் காலி மனையில் பதினொரு பந்துகள் அடித்தார். பதினொன்றும் நேராகப் போயின. கேன்டீன் ஜன்னல் முழுக்க முகங்கள் முளைத்திருந்தன. அவர் திரும்பியே பார்க்கவில்லை.

கப் காலியாக வந்தது. மாமா அதை வராந்தாவில் கவிழ்த்தே காட்டினார். ஒரு சொட்டுகூட விழவில்லை.

மூன்றரைக்கு இன்டர்காம் ஒலித்தது. ஸ்ரீரஞ்சனி போனபோது ஜம்புநாதன் இடது டிராயரை முழுசாக வெளியே இழுத்து மேஜைமேல் கவிழ்த்திருந்தார். ஏதோ ஒரு பாட்டை முனகியபடி ஒவ்வொரு காகிதமாகக் கையெழுத்துப் போட்டார். ஓவர்டைம் பட்டியல், வாட்டர் கூலர் கேட்ட மனு, ஜெயசீலனின் லீவு. அடுக்கி அவளிடம் நீட்டினார்.

வெளியே வந்து நின்றபடியே புரட்டினாள். ஒரு தரம் மேலிருந்து கீழ். ஒரு தரம் கீழிருந்து மேல். முப்பத்தொரு காகிதங்கள். அவளுடையது இல்லை.

ஜெயசீலன் வந்து தன் தாளை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார். "நீங்க நல்லா இருக்கணும் மேடம். உங்க பேரைச் சொல்லித்தான் மாப்பிள்ளைக்கு மோதிரமே போடுவேன்," என்றார். அவள் சிரித்தாள் என்றுதான் நினைக்கிறாள்.

நாலு மணிக்கு ஜம்புநாதன் கிளம்பினார். டைரக்டரை அழைத்துவர விமான நிலையம் போகவேண்டும். பையைத் தோளில் மாட்டிக்கொண்டு காரடி வரை கூடப் போனாள். தடியை உள்ளே வைத்து ஜிப் போட அவள் கை நீட்டியபோது அவர் தரவில்லை.

"பை எதுக்கு? கையிலயே இருக்கட்டும்," என்று சின்னப் பையன் போல மடியில் குறுக்கே வைத்துக்கொண்டார். "இன்னிக்கு சாவித்ரி பார்த்தாலும் பரவாயில்லை."

கார்க் கண்ணாடி பாதி ஏறியது, நின்றது, மறுபடி இறங்கியது.

"நீங்க இல்லாம இனிமே நான் என்ன பண்ணப்போறேனோ, தெரியலைம்மா."

இதைவிட மரியாதையாக ஒரு மறுப்பைச் சொல்ல முடியாது என்று ஸ்ரீரஞ்சனிக்குத் தோன்றியது. தண்டை இவ்வளவு நன்றாகப் பொருத்தியதுதான் பிசகு. உபயோகமானவளை யார் விடுவார்கள். இப்போதாவது நேராகக் கேட்டுவிட வேண்டும், கேள்வி ஒன்றுதான், நாலு வார்த்தை, என்று வாயைத் திறந்தாள்.

"ஆல் த பெஸ்ட் சார்," என்றாள்.

கார் கேட்டைத் தாண்டித் திரும்பியது. மணி நாலு பத்து. இன்னும் ஐம்பது நிமிஷம் இருந்தது. அதை வைத்துக்கொண்டு செய்ய ஒன்றும் இல்லை. பேக்கிங் பகுதியிலிருந்து ரப்பர் வாசனை வந்தது. இன்று இரவு ஸ்நேஹா கேட்கமாட்டாள் என்பது அவளுக்கு நிச்சயமாகத் தெரிந்தது. அதுதான் தாங்க முடியாததாக இருந்தது.

மாமா படியில் நின்று காலி டீத் தட்டால் விசிறிக்கொண்டிருந்தார்.

"டிராயர்ல ஏதாவது மிச்சம் இருக்கா மாமா?" என்று கேட்டாள்.

ஒன்றுமில்லை, நானே துணி போட்டுத் துடைத்துவிட்டேன் என்றார் மாமா. முப்பது வருஷத்தில் அந்த டிராயரின் அடிப்பலகையை இன்றுதான் பார்த்தாராம். நல்ல தேக்கு.

"என்னோட காகிதம் ஒண்ணு இருந்தது. கோயம்புத்தூர் மாத்தல்."

மாமா விசிறுவதை நிறுத்தினார். அவள் முகத்தைப் பார்த்தார், பிறகு அவள் தோளைப் பார்த்தார்.

"அதுல சாஹேப் முதல் நாளே கையெழுத்துப் போட்டுட்டாரே மேடம், நான்தானே இந்தப் பை ஜிப்புல வச்சு உங்ககிட்ட குடுத்தேன், மூணு வாரமா உங்க தோள்லதானே தொங்குது?"